என்ஜினைக் கேட்டுச் சொன்னவள்

என்ஜினைக் கேட்பதற்கென்றே என் மனைவி ஒரு ஸ்குரூ டிரைவர் வைத்திருந்தாள். முழங்கை நீளம், மரப்பிடி. அதன் நுனியை என்ஜினில் ஏதாவது ஓர் இடத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவாள். உள்ளே நடப்பது இரும்பு வழியாகக் காதுக்கு வரும். எல்லாக் கராஜிலும் மெக்கானிக் பாஸ்மார் செய்கிற வேலைதான் இது. எங்கள் வீட்டில் மட்டும் பாஸ் நான், காது அவள்.

என் காது ஒரே நாளில் போகவில்லை. தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற ரோலர்களுக்கு நடுவே வேலை செய்தவன் நான். பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அவன் காதுக்குள் வாயை வைக்க வேண்டும், அப்படி ஒரு இரைச்சல். பிறகு மெஷின் பழுது பார்க்கிற பகுதிக்கு மாற்றினார்கள். ஸ்பேனர் பிடிக்கக் கற்றதும் அங்கேதான், காது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததும் அங்கேதான். முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு மகளின் குரல் போனது. கடைசியில், ஜன்னல் கதவு அதிர்ந்தால்தான் இடி இடித்தது தெரியும் என்றாகிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் நரம்பு செத்துவிட்டது என்றார்கள். காதில் வைக்கிற கருவி ஒன்றையும் மாட்டிப் பார்த்தேன். அது பேச்சைத் தரவில்லை, பழைய ரோலர் இரைச்சலைத்தான் திருப்பித் தந்தது. கழற்றி அலுமாரியில் போட்டுவிட்டேன்.

ஸ்டோர் வேலையை விட்ட பிறகு ஒரு பிக்கப் வண்டிதான் எங்களுக்குச் சோறு. அப்புத்தளைப் பக்கம் போய் லீக்ஸ், கோவா, போஞ்சி ஏற்றிப் பதுளைக்குக் கொண்டு வருவேன். தோட்டத்தில் யாருக்காவது கல்யாணம் என்றால் கதிரை, பாத்திரம் ஏற்றுவேன். யாராவது செத்துப் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கொழுந்து பறிக்கிற வேலை இல்லாத நேரமெல்லாம் அவள் முன் ஸீட்டில் என் பக்கத்தில் இருப்பாள். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தால் என் தொடையில் ஒரு தட்டு தட்டுவாள். "செவிடனும் செவிடன் பொண்டாட்டியும் ஹயர் போறாங்க" என்று தோட்டத்து லய வீடுகளில் கேலி செய்வார்களாம். எனக்கென்ன, கேட்கவா போகிறது.

ஆட்களின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்துக்கொள்வேன். இங்கே யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவதெல்லாம் அப்படிப் பார்த்தவைதான். என் மனைவி பேசுவதில் ஒரு சொல்கூடத் தவறாது. திட்டும்போது இன்னும் தெளிவாக விளங்கும். என் குரல் எனக்குக் கேட்காததால் நான் கத்தித்தான் பேசுவேனாம். அவள் உள்ளங்கையைக் கீழே பார்த்து இரண்டு தரம் அசைத்தால் மெதுவாகப் பேசு என்று பொருள்.

என்ஜினை அவள் கேட்கத் தொடங்கிய காலத்தில் பெரிய சண்டையே வரும். "என்ன சத்தம்?" என்று கேட்டால் "சத்தமா இருக்கு" என்பாள். எந்த மாதிரிச் சத்தம், எங்கேயிருந்து, வேகம் கூட்டினால் கூடுகிறதா என்று நான் குதிப்பேன். அவளும் விடமாட்டாள். "நான் என்ன கராஜ்லயா பொறந்தேன்?" என்பாள். அப்புறம் அவளுக்குத் தெரிந்த சத்தங்களிலிருந்தே சொல்லத் தொடங்கினாள். தையல் மெஷின் ஓடுற மாதிரி இருக்கு என்றால் வால்வுப் பக்கம் இடைவெளி கூடியிருக்கும். மழை விட்டப்பறம் தகரத்துல சொட்டுற மாதிரி என்றால் டீசல் பீச்சுகிற இன்ஜெக்டர் ஒன்று சரியில்லை. கவ்வாத்துக் கத்தியைக் கல்லுல தீட்டுற மாதிரி என்று ஒருநாள் சொன்னாள். திறந்து பார்த்தால் தண்ணீர் பம்பின் பேரிங் தேய்ந்து கிடந்தது. அவள் சொன்னது பிழையாகிப் போன நாள் ஒன்றுகூட இல்லை.

பிக்கப் பழையது. மகள் பிறக்கும் முன்பே ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த டீசல் வண்டி. வெளிநாட்டு வண்டிகள் வருவதை நிறுத்தி வைத்த வருடங்களில் எல்லாரையும் போல நானும் இருப்பதையே உருட்டினேன். பழைய டயரை வெட்டி என்ஜினைத் தாங்குகிற ரப்பர் செய்தேன். பின் பெட்டியில் துருப்பிடித்த இடத்துக்கு ஸ்டோர் கூரையிலிருந்து கழற்றிப் போட்ட தகரத்தை வெட்டி ஒட்டினேன். எங்கள் காம்பரா லயத்தின் கடைசி வீடு. பக்கச் சுவரோடு சேர்த்து ஒரு தகரக் கொட்டகை இறக்கியிருந்தேன். வண்டியின் மூக்கு உள்ளே இருக்கும், வால் மழையில் நனையும்.

டீசல் தட்டுப்பாடு வந்த வருடம்தான் வண்டிக்குப் பிடித்தது சனி. டீசல் இல்லை, மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடைத்தது. மண்ணெண்ணெயை அப்படியே ஊற்றினால் பம்ப் உலர்ந்து தேய்ந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். வழுவழுப்புக்குத் தேங்காய் எண்ணெய் கலந்தால் சரி என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னான். பதுளையில் பாதி வண்டிகளுக்கு அதுதான் அன்றைக்கு மருந்து. நானும் கலந்தேன். பதுளையில் வண்டி பூப்போல ஓடியது. அப்புத்தளைக்கு ஏறி, விடியற்குளிரில் லோட் ஏற்ற நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் என்ஜின் அசையவில்லை. பில்டரைக் கழற்றினேன். உள்ளே மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது.

அவள் அந்தக் குளிரிலும் சிரித்தாள். "தலைக்கு வைக்கிற எண்ணெயைக் காலையில அடுப்பு ஓரமா வச்சு உருக்கித்தானே எடுக்கிறோம். இது கூடவா தெரியாது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். மலைநாட்டில் பிறந்து வளர்ந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் மறந்த விஷயம் அது. அன்றைக்குச் சிக்கிய பம்ப்பும் இன்ஜெக்டர்களும் அதன் பிறகு ஒழுங்காகவே இல்லை. எரியாத எண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலோடு கலந்தது. தண்ணீராய்ப் போன ஒயிலில் என்ஜின் எத்தனை மாதம் ஓடியதோ, எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் அதற்கு ஒரு டர்போவும் பூட்டினேன்.

பழைய வான் வண்டி ஒன்றை உடைத்த இடத்தில் கிடைத்த டர்போ. அதை மாட்டினால் என்ஜினுக்குள் காற்று அதிகம் போகும், அதே என்ஜின் அதிக பலத்தோடு இழுக்கும். ஹாலிஎலயிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறுகிற வளைவுகளில் லோடோடு முதல் கியரில் அழுதுகொண்டு ஏறிய வண்டி, டர்போ வந்தபின் இரண்டாம் கியரில் ஏறியது. நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளே எலும்பு தேய்ந்த கிழவனுக்கு இளந்தாரி வேலை கொடுக்கிறேன் என்று தோன்றவே இல்லை.

ஒருநாள் அதே ஏற்றத்தில் அவள் என் தொடையைத் தட்டினாள். பின்னால் பஸ் எதுவும் இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்னமோ கேக்குதுங்க. மூடின கதவுக்கு அந்தாண்ட யாரோ நின்னு தட்டுற மாதிரி. மெதுவாத்தான் தட்டுறாங்க. ஆனா நிறுத்தாம தட்டுறாங்க."

அந்தச் சத்தத்தை என் காது நன்றாக இருந்த காலத்தில் கேட்டிருக்கிறேன். பிஸ்டனை, அடியில் சுற்றுகிற கிராங்கோடு இணைக்கிற தண்டின் அடியில், பிறை மாதிரி இரண்டு பேரிங் துண்டுகள் இருக்கும். அவை தேய்ந்து தண்டு தளர்ந்தால் அப்படித்தான் தட்டும். கவனிக்காமல் ஓட்டினால் ஒருநாள் தண்டு முறிந்து என்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வீட்டுக்கு மெல்ல உருட்டி வந்து அடியில் படுத்துத் திறந்தேன். மூன்றாவது பிஸ்டனின் பேரிங் செம்பு தெரியத் தேய்ந்திருந்தது. கிராங்கிலும் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற கோடுகள். கிராங்கைக் கழற்றி, கடைந்து, அதற்கேற்ற பெரிய அளவு பேரிங் போட வேண்டும். பதுளையில் பாகங்கள் விற்கிற கடைக்கார முதலாளி கையை விரித்தார். அந்த மாடலுக்கு அந்த அளவு வருவதே இல்லை, கொழும்பில் சொல்லி வைத்தால் வரும்போது வரும் என்றார். வந்தாலும் கடைசலுக்கும் பேரிங்குக்குமாக எங்கள் கையில் இருந்தது எந்த மூலைக்கும் போதாது.

வண்டி நின்றதும் வீடு நின்றது. அவளுடைய கொழுந்துச் சம்பளம் மட்டும்தான். மகள் பதுளையில் என் தங்கை வீட்டில் தங்கி உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொல்லி அனுப்பிய அன்றைக்கு, என் மனைவி சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். மறுநாள் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. பசறையிலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் சேர்க்க வருகிற ஏஜென்சி அக்காவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

குவைத். வீட்டு வேலை. இரண்டு வருட ஒப்பந்தம்.

நான் கத்தினேன். கையை அசைத்து அடக்கப் பார்த்தாள், நான் அடங்கவில்லை. லயம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அவள் தைரியசாலி இல்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்ததைத் தவிர வெளியில் ஒரு இரவு தனியாகத் தங்கியவள் இல்லை. பதுளைக் கடை ஒன்றில் லிஃப்டில் ஏறச் சொன்னதற்கு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றவள். பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி அங்கே போய்த் திரும்பி வந்தபிறகு யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

"வண்டி ஓடிச்சுன்னா நான் போகலைங்க" என்றாள். "லோடோட மேல ஏறி வந்துச்சுன்னா அந்த அக்காகிட்ட வேணான்னு சொல்லிர்றேன். சத்தியமா சொல்லிர்றேன்."

மெடிக்கல் முடிந்தது. பாஸ்போர்ட்டும் வந்தது. இன்ன கிழமை ஏஜென்சி வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று நாளும் குறித்துவிட்டார்கள். எனக்கு அந்த நாளுக்குள் என்ஜின் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

பாகங்கள் உடைக்கிற இடமெல்லாம் போய் நின்றேன். என் வண்டியின் தம்பி மாதிரி இருக்கிற வேறொரு வண்டியின் பேரிங் கிடைத்தது. அகலம் கூடியது. அரத்தால் ராவிப் பார்த்தேன், வீணாய்ப் போனது. கிராங்கின் கோடுகளை அழிக்கத் தேய்ப்புத் துணியை நாடா மாதிரி கிழித்து, அதைச் சுற்றி, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே கிடந்தேன். மழை விடவில்லை. கொட்டகைக்குள் தண்ணீர் ஓடிவந்து என் முதுகுக்கு அடியில் தேங்கியது. பழைய உரச் சாக்கை விரித்து அதன் மேல் கிடந்தேன். கண்ணில் ஒயில் விழும். துடைக்கக்கூட மனம் வராது. வேலை செய்கிறேனா, அடியில் ஒளிந்து கிடக்கிறேனா என்று எனக்கே விளங்காத நேரங்கள் இருந்தன.

கடைசியில் தேயிலை ஈயத்தாளை எடுத்தேன். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற மெல்லிய வெள்ளிநிறத் தகடு அது. ஸ்டோர் பழுது பார்க்கிற பகுதியில் அவசரத்துக்கு நாங்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. தேய்ந்த பேரிங்கின் முதுகுக்கும் தண்டுக்கும் நடுவில் அந்தத் தகட்டை அளவாக வெட்டி வைத்தால், பேரிங் கொஞ்சம் உயர்ந்து இடைவெளி அடைபடும். ரோலர் மெஷின் மெதுவாகச் சுற்றும், அதற்கு ஒரு வாரம் தாங்கும். டீசல் என்ஜினுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் அந்தப் பைத்தியக்கார வேலையைச் செய்ததில்லை. அலுமாரி மேல் சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த பழைய தகட்டை உரித்து எடுத்தேன். கத்தரிக்கோலால் வெட்டினேன். ஒரு தாள் போதவில்லை. இரண்டு தாள் வைத்து இறுக்கினேன். கிராங் கையால் சுற்றியது. ஒயில் ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை. மலையிலிருந்து வந்தவள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கொட்டகைக்கு வந்தாள். மழை சற்று விட்டிருந்தது. சூடம் காட்டினாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். சாவியைத் திருப்பினேன். ஸீட் அதிர்ந்தது, புகை வந்தது, என்ஜின் பிடித்துக்கொண்டது. நான் இறங்கி ஓடிவந்து அவள் முகத்துக்கு எதிரே நின்றேன்.

ஸ்குரூ டிரைவரை மேலே வைத்தாள். "தையல் மெஷினு லேசா இருக்கு. எப்பவும் இருக்கிறதுதான்." இன்ஜெக்டர் பக்கம் வைத்தாள். தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை. பிறகு குனிந்து, என்ஜினின் அடிவயிற்றில், மூன்றாவது பிஸ்டன் இருக்கிற இடத்தில் ஊன்றினாள். கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

கண்ணைத் திறந்து, "ஒண்ணும் கேக்கலைங்க" என்றாள். "நல்லா இருக்கு."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிரீஸ் கையோடு அவள் தலையைப் பிடித்து ஆட்டினேன். ஏதேதோ கத்தினேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்குரூ டிரைவரைப் படங்கில் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவள் சந்தோஷமாக இருக்கும்போது கை அப்படிச் செய்யாது. நான் என்ஜினில் கையை வைத்தேன்.

காது போனவனுக்கு உள்ளங்கை கொஞ்சம் கேட்கும். ஓடுகிற என்ஜினில் எல்லாமே அதிரும், ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்குக்குள் ஒரு குத்து இருந்தது. மெதுவாக, நிறுத்தாமல். மூன்றாவது பிஸ்டனுக்குப் போகிற டீசல் குழாயின் நட்டை ஸ்பேனரால் லேசாகத் தளர்த்தினேன். அப்படிச் செய்தால் அந்த பிஸ்டன் மட்டும் எரியாமல் சும்மா போய்வரும், சுமை குறையும். குத்து நின்றது. இறுக்கினேன். திரும்ப வந்தது.

இந்தச் சோதனையை அவள் எத்தனையோ தரம் என் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். எதற்குச் செய்கிறேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"தட்டுது" என்றேன்.

"இல்லைங்க."

"கைக்குத் தெரியுது."

"காது எனக்குத்தானே இருக்கு" என்றாள். உதடு கோணிக்கொண்டு போனது. "நான்தானே கேக்குறேன். நான் சொல்றேன், ஒண்ணும் தட்டல. நல்லா இருக்கு."

அவள் கையைப் பிடித்து என் கைக்குப் பக்கத்தில், அந்தச் சூட்டிலேயே, என்ஜின் மேல் வைத்தேன். எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. இரண்டு பேர் கைக்கும் அடியில் அது தட்டிக்கொண்டே இருந்தது. அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. "நல்லா இருக்குங்க" என்று திரும்பவும் சொன்னாள். இத்தனை வருடத்தில் என்ஜினைப் பற்றி அவள் எனக்குச் சொன்ன ஒரே பொய் அது. போக மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை. அதை இப்படிச் சொன்னாள்.

ஒரு பாஸாக நான் அன்றைக்கே திரும்பவும் அடியில் படுத்துத் திறந்திருக்க வேண்டும். திறந்து என்ன செய்ய? வேறு பேரிங் இல்லை, வேறு வழி இல்லை, கிழமை நெருங்கிவிட்டது.

"சரி" என்றேன். "நாளைக்கு லோட் ஏத்திப் பாப்போம்."

தோட்டத்துக் கோயில் வேலைக்கு ஹாலிஎலயிலிருந்து சிமெந்து கொண்டுவர வேண்டியிருந்தது. மறுநாள் இரண்டு பேரும் போனோம். இறக்கத்தில் வண்டிக்கு என்ன கஷ்டம், ஒழுங்காக இறங்கியது. மூட்டைகளை ஏற்றினார்கள். ஏற்றம் தொடங்கியது. டர்போவைக் கழற்றி வைத்திருந்தேன், முதல் கியரிலேயே வைத்து, முட்டையைக் கொண்டு போகிறவன் மாதிரி ஓட்டினேன்.

வண்டியில் அவள் பேசவே மாட்டாள். பேசினால் மற்றச் சத்தம் கேட்காது, அதுதான் எங்கள் ஒழுங்கு. அன்றைக்கு ஏற்றம் தொடங்கியதும் பேசத் தொடங்கினாள். நான் ரோட்டைப் பார்க்கிறேன், அவள் உதட்டைப் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஓரக்கண்ணால் பார்த்தேன், வாய் ஓயவில்லை. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, அவள் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் என்று இன்றைக்கும் தெரியாது. எனக்குச் சொல்வதற்காக அவள் பேசவில்லை. தன் காதில் அந்தச் சத்தம் விழக்கூடாது என்றுதான் பேசினாள். நானும் ஸ்டியரிங்கை நுனிவிரலால்தான் பிடித்திருந்தேன். உள்ளங்கை பட்டால் தெரிந்துவிடும்.

கோயில் கூரை தெரிகிற வளைவில் என் காலுக்கடியில் ஒரு உதை விழுந்தது. பிறகு அடுக்கடுக்காக உதை. அப்புறம் ஒன்றுமில்லை. பிரேக்கை மிதித்தேன். வண்டிக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒயில் ஒழுகி ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் நின்றால் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பது எப்போதும் அவள் வேலை. அவள் இறங்கவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். நான் காலை எடுக்க முடியாமல் பிரேக்கிலேயே நின்று, அவள் தோளைத் தொட்டேன்.

அப்போதுதான் நிறுத்தினாள். இறங்கி, கல் தேடி எடுத்து, இரண்டு பின் சக்கரத்துக்கும் வைத்தாள். கல்லைக் காலால் உதைத்து இறுக்கிப் பார்த்தாள். என் பக்கக் கதவுக்கு வந்து, நான் நன்றாகப் பார்க்கிற மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

"நான் போயிட்டு வர்றேங்க."

எங்கே என்று கேட்கத் தேவையில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். என்ன சத்தத்தில் அழுதேனோ, அவள் உள்ளங்கையைக் கீழே பார்த்து அசைக்கவில்லை.

வான் குறித்த நாளில் வந்தது. லயத்துப் பாதைக்கு வான் ஏறாது என்று ரோட்டில் நின்றது. அவள் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். மகளும் பதுளையிலிருந்து வந்திருந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. பார்த்தால் படித்துவிடுவேன் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகள் படிப்பைத் தொடர்ந்தாள். என்ஜினுக்கும் வழி பிறந்தது. என் மனைவி குவைத்திலிருந்து அனுப்பிய பணத்தில்தான் வேறொரு பிக்கப்பின் நல்ல என்ஜின் பிளாக்கும் கிராங்கும் வாங்கினேன், சரியான பேரிங்கும் கொழும்பிலிருந்து வந்தது. அவசரம் இல்லை, மழை இல்லை, ஈயத்தாள் இல்லை. முறையாக, ஒவ்வொன்றாகப் பூட்டினேன். யாருக்காக இவ்வளவு பொறுமை என்று எனக்கே ஆத்திரமாக வந்தது. இந்தப் பொறுமை அன்றைக்கு எங்கே போயிருந்தது, இந்தப் பேரிங் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று ஸ்பேனரை வீசி எறிந்த நாளும் உண்டு. எறிந்த ஸ்பேனரைத் தேடி எடுக்கவும் நான்தான் போக வேண்டும்.

பூட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணினேன். உள்ளங்கையை வைத்தேன். குத்து எதுவும் இல்லை. ஆனாலும் கையை நம்ப மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குப் போன் பேச விடுவார்கள். வீடியோவில் வந்தாள். முகம் மெலிந்து, தலையில் துணி கட்டி, பின்னால் யாருடையதோ ஒரு சமையலறையின் வெள்ளைச் சுவர். நான் ஏதோ சொல்லத் தொடங்கியதும் விரலை உதட்டில் வைத்தாள். என் கத்தல் அந்த வீட்டுக்காரர்களுக்குக் கேட்டுவிடுமாம். நான் பேசுவதை விட்டுவிட்டு, போனை என்ஜினுக்குப் பக்கத்தில், மூன்றாவது பிஸ்டனுக்கு நேரே பிடித்தேன்.

அவள் போனைக் காதோடு வைத்தாள். திரையில் அவள் காதும், கொஞ்சம் முடியும், கம்மல் இல்லாத துவாரமும்தான் தெரிந்தன. வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு முகம் வந்தது.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

அன்றைக்குக் கொட்டகையில் சொன்ன அதே வார்த்தை. நான் மறுபடி என்ஜினில் கையை வைத்துப் பார்த்தேன். உண்மைதான், நன்றாகத்தான் இருந்தது. சும்மா எதற்கு டீசல் எரிகிறது என்று சாவியைத் திருப்பி நிறுத்தினேன். திரும்பிப் போனைப் பார்த்தால் அவள் முகம் திரைக்கு மிக அருகில் வந்திருந்தது. உதடு அவசரமாக அசைந்தது. நான் விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்து, திரும்பவும், மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னாள்.

"நிப்பாட்டாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுங்க."

ஸ்டார்ட் பண்ணிவிட்டு, போனைத் திரும்பவும் என்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.